ஒரே ஒரு நரியோடு திரும்பியவர்கள்

ட்ராவல் எபிசோடுன்னா எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும்னு சொல்லணும். இன்னைக்கு அதெல்லாம் கொஞ்சம்தான் இருக்கும். வியன்னாவில் ஒரு மியூசியத்துக்குள்ள ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த கதை இது. ஆசைப்பட்டுப் போன மியூசியம்கூட இல்லை. வேற எங்க போறதுன்னு தெரியாமப் போனது.

நான் வியன்னாவுக்குப் போனது ஒரு பிஎச்டி நேர்காணலுக்காக. ஆன்லைன்லயே முடிச்சுக்கலாம்னு அவங்க சொன்னாங்க. நேர்ல போனா மதிப்பா இருக்கும்னு முடிவு பண்ணது நான்தான். டிக்கெட் அக்காவோட கிரெடிட் கார்டுல போட்டது. செவ்வாய்க்கிழமை நேர்காணல், வெள்ளிக்கிழமை காலை ஃப்ளைட். நடுவுல, வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மெயில் வந்தது. "வருந்துகிறோம்"னு ஆரம்பிக்கிற மெயிலை முழுசாப் படிக்கவே வேண்டாம், இல்லையா?

வீட்டுக்குச் சொல்லலை. ரூம்ல உட்காரவும் முடியலை. வெளியே நவம்பர் குளிர். ட்ராம் ஏறி, ரிங் சாலையில் பெரிய கட்டடம் ஒன்று கண்ணில் பட்டதும் இறங்கிட்டேன்.

அங்கே அச்சு அசலாக ஒரே மாதிரி ரெண்டு மாளிகைகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் மரியா தெரேசா மகாராணியின் சிலை. ஒன்று இயற்கை வரலாற்று மியூசியம், இன்னொன்று கலை வரலாற்று மியூசியம். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் தலைமுறை தலைமுறையா சேர்த்து வச்சதைக் காட்டுறதுக்காகக் கட்டினது. கலை மியூசியம் 1891-ல் திறந்தது. நான் அதுக்குள்ள போனேன். காரணம், அந்தப் பக்கம் க்யூ சின்னதா இருந்தது. அவ்வளவுதான்.

படிக்கட்டிலேயே கழுத்து வலிக்க ஆரம்பிச்சுடும். மேலே தூண்களுக்கு நடுவில் இருக்கிற ஓவியங்கள் சில குஸ்தாவ் கிளிம்ட் வரைந்தவை. அப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. பெரிய பெயர் வர்றதுக்கு முன்னாடி, தம்பியோடயும் நண்பரோடயும் சேர்ந்து கான்ட்ராக்ட் எடுத்துச் செஞ்ச வேலை. எனக்கு அன்னைக்கு இந்தத் தகவல் எரிச்சலைத்தான் கொடுத்தது. முப்பதுக்குள்ள சாதிச்சவங்க கதை எதுவும் அன்னைக்குக் காதுல ஏற்கலை.

கீழ்த்தளத்தில் ஒரு தங்க உப்புப் பாத்திரம் இருக்கு. செல்லினி என்ற இத்தாலியக் கலைஞர் பிரெஞ்சு அரசருக்காக 1540-களில் செய்தது. 2003-ல் யாரோ வெளியே இருந்த சாரத்தில் ஏறி, ஜன்னலை உடைச்சு, அதைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அலாரம் அடிச்சிருக்கு. சும்மா அடிக்குதுன்னு காவலர்கள் விட்டுட்டாங்க. 2006-ல் ஒரு காட்டுக்குள்ள புதைச்சு வச்சிருந்த பெட்டியிலிருந்து மீட்டாங்க. இதைப் பக்கத்தில் ஒரு கைடு சொல்லிட்டு இருந்தார், எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்த நேரத்திலும் போனை எடுத்து மெயிலைத் திரும்பப் படிச்சேன். ஏதாவது மாறியிருக்குமான்னு.

அப்புறம்தான் மேலே, பத்தாம் எண் அறை. புருகல் அறை.

பீட்டர் புருகல் 16-ஆம் நூற்றாண்டு ஃப்ளெமிஷ் ஓவியர். இன்னைக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற அவருடைய ஓவியங்களில் 12 இந்த ஒரே மியூசியத்தில் இருக்கு. 'பாபேல் கோபுரம்' இங்கேதான். கழட்டின கதவு மேல தட்டுகளை அடுக்கித் தூக்கிட்டு வர்ற அந்தக் கல்யாணப் பந்தி ஓவியமும் இங்கேதான். நான் கால் வலிக்குதுன்னு உட்கார்ந்த பெஞ்சுக்கு எதிரில் 'பனியில் வேட்டைக்காரர்கள்' இருந்தது. 1565-ல் மரப்பலகையில் வரைந்தது. ஆன்ட்வெர்ப் நகர வியாபாரி ஒருத்தருக்காக, வருஷத்தின் பருவங்களைக் காட்டும் வரிசையில் ஒன்று.

இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க, வாழ்த்து அட்டையில், வால்பேப்பரில். நானும் பார்த்திருக்கேன். அழகான பனிக்காலப் படம்னு நினைச்சிருந்தேன்.

கிட்டப் போய்ப் பாருங்க. மூணு வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேட்டு மேல நடந்து வர்றாங்க. கூட ஒரு கூட்டம் நாய்கள், எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அத்தனை பேரும் சேர்ந்து பிடிச்சது என்ன தெரியுமா? ஈட்டியில் தொங்குற ஒல்லியான ஒரே ஒரு நரி. பக்கத்தில் ஒரு சத்திரத்தின் பலகை, அதில் மான் படம். அந்தப் பலகையும் ஒரு கொக்கி கழண்டு தொங்குது. நாள் முழுக்க வேட்டையாடிட்டு வெறுங்கையா வர்றவங்க மானின் படத்துக்குக் கீழேயே நடந்து போறாங்க. மனுஷன் குசும்புக்காரர்.

மேட்டுக்குக் கீழே ஊர். உறைஞ்ச குளத்தில் குட்டி குட்டியாக மனுஷங்க சறுக்கி விளையாடுறாங்க. ஒருத்தர் விறகு சுமந்து பாலத்தைக் கடக்கிறார். தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீ பிடிச்சிருக்கு, அணைக்க ஏணி போட்டு ஏறுறாங்க. இந்தப் பக்கம் விளையாடுறவங்களுக்கு அது தெரியவே இல்லை. பின்னாடி கூரான மலைகள். ஃப்ளான்டர்ஸ் தட்டையான ஊர், அங்கே மலையே கிடையாது. இளவயதில் இத்தாலிக்குப் போய் வந்தப்போ ஆல்ப்ஸில் பார்த்ததைக் கொண்டுவந்து இங்கே வச்சுட்டார்.

ரொம்ப நேரம் பார்த்தேன். அந்த மூணு பேரும் இன்னும் ஊருக்குள்ள போகலை. மேட்டு மேலதான் இருக்காங்க. ஒரே ஒரு நரிதான் கிடைச்சதுன்னு கீழே யாருக்கும் இன்னும் தெரியாது. வீட்டில் போய்ச் சொல்லப்போற அந்த நிமிஷத்துக்கு முந்தின நிமிஷம் அது. அவங்க முகத்தை புருகல் நமக்குக் காட்டவே இல்லை. எனக்கு அந்த முகம் எப்படி இருக்கும்னு தெரியும்.

அழுதேனான்னு கேட்டா, ஆமாம், கொஞ்சம். அறைக் காவலர் அம்மா ஒருத்தங்க பார்த்தாங்க, ஒண்ணும் கேட்கலை. அவங்களுக்கு இது பழக்கமா இருக்கலாம்.

வியாழக்கிழமைகளில் அங்கே ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும். நான் ஆறு மணிக்கே வெளியே வந்து, படியில் நின்னு அக்காவுக்கு போன் பண்ணேன். ஊர்ல ராத்திரி பத்தரை. "அக்கா, கிடைக்கலை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கார்டு பில் பத்தாம் தேதி கட்டணும். பாதி நான், பாதி நீ, மெதுவாக் கொடு. முதல்ல வந்து சேருடி"ன்னாங்க.

அவங்க ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. ஆனா காலையிலிருந்து அடைச்சிட்டிருந்த மூச்சு அப்போதான் விட்டுது.

ஒரு டிப் கேட்டா இதைச் சொல்வேன்: பெரிய மியூசியத்துக்குப் போனா எல்லாத்தையும் பார்க்க ஓடாதீங்க. ஒரு பெஞ்சைப் பிடிச்சு, எதிர்ல இருக்கிறதை ஒரு மணி நேரம் பாருங்க. நீங்க வெறுங்கையோட திரும்பி வந்த நாள் எது, அதை முதல்ல யார்கிட்ட சொன்னீங்க? எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.