அசல் தட்டும் போலித் தட்டும்

உப்பின்றி உணவில்லை, முத்தின்றி எவரும் வாழலாம். இரண்டையும் கடலே தருகிறது. ஆயினும் விலை என்னவோ முத்துக்குத்தான். ஒரு பொருளின் மதிப்பு அதன் பயனால் அமைவதா, அதன் அருமையால் அமைவதா என்னும் பழைய வினாவை, ஏழு அங்குல அகலமுள்ள ஓர் இசைத்தட்டைக் கொண்டு ஆராயலாம் என்று கருதுகிறேன்.

'ஸோல்' என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள். தேவாலயத்தில் பாடிய பக்திப் பாடலும், வயலிலும் வீதியிலும் பிறந்த துயரப் பாடலும் கலந்து அவ்விசை உருவாயிற்று. 1959இல் பெர்ரி கார்டி என்பவர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று, டெட்ராய்ட் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுவே பின்னாளில் உலகறிந்த மோட்டவுன். அது போலவே மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் நிறுவனம் புகழ் பெற்றது. இவ்விரு பெரு மரங்களின் நிழலில் எத்தனையோ சிறு நிறுவனங்கள் முளைத்தன. ஒருவர் கைப்பணத்தைப் போட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்வார். சில நூறு தட்டுகள் அச்சிடுவார். வானொலி அதனை ஒலிபரப்பினால் வாழ்வு. இல்லையேல் தட்டுகள் கிடங்கில் தூசி படியும், பாடியவர் வேறு வேலை தேடிச் செல்வார்.

அவ்வாறு தோற்ற தட்டுகளுக்கு மறுவாழ்வு தந்தவர்கள் அமெரிக்கர் அல்லர். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள். மான்செஸ்டரின் 'ட்விஸ்டெட் வீல்', 1973 முதல் 1981 வரை விளங்கிய 'விகன் காசினோ' முதலிய நடன அரங்குகளில் அவர்கள் விடிய விடிய ஆடினர். அமெரிக்க இசையின் போக்கு மாறிய பின்னரும், அறுபதுகளின் விரைந்த தாளமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. லண்டனில் தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின், வடக்கிலிருந்து வருவோரின் இந்தச் சுவையைக் கண்டு, 1970இல் தம் பத்திரிகைக் கட்டுரையில் 'நார்தர்ன் ஸோல்' என்று பெயரிட்டார். புதிய தட்டு வராதபோது, எவரும் கேளாத பழைய தட்டைத் தேட வேண்டியதாயிற்று. குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டட் லவ்' 1965இல் ஒரு தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்து மறக்கப்பட்டது. அவ்வரங்குகளில்தான் அது உயிர் பெற்றது. 1981இல் வேறொரு குழுவினர் அதனைப் பாடியபோது பிரிட்டனில் முதலிடத்தை அடைந்தது.

தேவை மிகுந்து சரக்குக் குறைந்த இடத்தில் போலி தோன்றுவது உலக வழக்கு. அரங்கில் தட்டைச் சுழற்றுவோர், பிறர் அறியாதிருக்கத் தட்டின் முகப்பை வெள்ளைக் காகிதத்தால் மூடி, பொய்ப்பெயர் சொல்லி ஒலிக்கச் செய்தனர். பின்னர் அந்தப் பாடல்களையே உரிமையின்றி அச்சிட்டு விற்போரும் கிளம்பினர்.

இதற்குச் சிறந்த சான்று ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' என்னும் பாட்டு. 1965இல் மோட்டவுனின் கிளையான 'ஸோல்' முத்திரையில் அதற்குச் சில தட்டுகள் அச்சாயின. ஆனால் வில்சன் பாடகராவதை விடுத்துத் தயாரிப்பாளராக இருப்பதையே தேர்ந்தார். வெளியீடு நின்றது, தட்டுகள் அழிக்கப்பட்டன. விரல்விட்டு எண்ணத்தக்கவையே எஞ்சின. எழுபதுகளில் அப்பாட்டு 'எட்டி ஃபாஸ்டர்' என்ற பொய்ப்பெயரில் உலவியது. 1979இல் பிரிட்டனில் முறையாக வெளிவந்ததால், பாட்டைக் கேட்க விரும்புவோருக்குத் தடையில்லை. எனினும் 1965ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று 2009இல் 25,742 பவுனுக்கும், 2020இல் இலட்சம் பவுனுக்கும் விலை போயிற்று.

இத்துணை விலையுள்ள பொருளை அசல் என்று அறிவது எங்ஙனம்? முதலில் தட்டு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும். அரக்குப் பூசிய தகட்டில் ஊசி வரிகளைச் செதுக்குகிறது. அதன்மேல் உலோகம் படியவைத்து அச்சுத் தகடு எடுக்கின்றனர். அத்தகட்டைக் கொண்டே தட்டுகளை அழுத்துகின்றனர். வரிகள் முடிந்து முகப்புக் காகிதம் தொடங்குமுன் உள்ள வெற்று வளையத்தில், தொழிலாளி எண்ணையும் எழுத்தையும் பொறித்து வைப்பது வழக்கம். முகப்பை எவரும் மீண்டும் அச்சிட்டுவிடலாம். இவ்வளையமோ அச்சுத் தகட்டோடு பிறந்தது. ஆதலின் நான் ஒரு தட்டைக் கையில் எடுத்தால் முகப்பைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் படிக்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தின் ஒவாஸோ என்னும் ஊரில் ஓர் ஆலை இருந்தது. மோட்டவுன் தட்டுகள் பல அங்கே அழுத்தப்பட்டன. அவ்வாலையின் மூன்றெழுத்துச் சின்னம் வளையத்தில் முத்திரையாக விழுந்திருக்கும். 1972இல் அவ்வாலை தீக்கிரையாயிற்று. ஆகவே அம்முத்திரை மெய்யானதாயின், தட்டு அதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. லாஸ் ஏஞ்சலீஸின் மோனார்க் ஆலையோ ஒரு முக்கோணமும் அதனையடுத்து வரிசை எண்ணும் பொறித்தது. காலம் செல்லச் செல்ல எண்ணும் வளர்ந்தமையால், எண்ணைக் கொண்டே தட்டின் காலத்தை மதிப்பிடலாம். முத்திரையாக விழவேண்டிய சின்னம் நடுங்கும் கையால் கீறப்பட்டிருந்தால் ஐயுற வேண்டும்.

அடுத்தது மூலப்பொருள். வினைல் தட்டில் சூடான குழம்பையும் முகப்புக் காகிதத்தையும் ஒருங்கே வைத்து அழுத்துவதால் காகிதம் தட்டோடு ஒன்றிவிடும். ஸ்டைரீன் தட்டையோ உருக்கி அச்சில் பாய்ச்சி வார்ப்பர். காகிதத்தைப் பின்னர் ஒட்டுவர். அதனை நகத்தால் மெல்லத் தட்டினால் ஒலி வேறாக இருக்கும். அதன் வரிகளும் விரைவில் தேயும். ஸ்டைரீனில் மட்டுமே வந்ததென்று அறியப்பட்ட பாட்டு வினைலில் கிடைத்தால் ஐயம் எழுவது இயல்பு. எனினும் ஒரே மாதத்தில் கிழக்கே ஓர் ஆலையும் மேற்கே ஓர் ஆலையும் ஒரே பாட்டை வெவ்வேறு பொருளில் அழுத்தியதுண்டு. அவை இரண்டும் அசலே. ஆகவே ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. செவியையும் துணை கொள்ளல் வேண்டும். ஒரு தட்டிலிருந்து படியெடுத்த போலியில், மூலத் தட்டின் கீறல் ஒலியும் கூடவே பதிந்துவிடும். மேற்பரப்பு பளபளவென்றிருக்க, உள்ளிருந்து பழைய கீறல் பொரிந்தால் போலி தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறது.

இனி நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். டேரல் பேங்க்ஸ் 1966இல் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றது; அந்நாட்டுத் தட்டு எளிதில் கிடைக்கும். பிரிட்டனில் 'லண்டன்' முத்திரையில் அச்சான தட்டோ, உரிமை வேறு நிறுவனத்துக்குச் சென்றதால் திரும்பப் பெறப்பட்டது. தப்பிய ஒன்று 2014இல் 14,543 பவுனுக்கு விற்றது. அப்பாடகரோ 1970இல் டெட்ராய்ட்டில் சுடப்பட்டு இறந்துபோனவர். உயிரோடு இருந்திருந்தாலும் அத்தொகையில் ஒரு காசும் அவருக்குச் சேர்ந்திராது. பழைய தட்டின் விலை விற்றவருக்கே உரியது. பாடியவருக்கு அதில் பங்கில்லை.

அப்படியாயின் அசலைத் தேடுவது வீண்தானோ? அன்று. அசல் தட்டு ஒரு சான்றுப் பத்திரம். யார் பாடினார், யார் இயற்றினார், எவ்வூரில் எந்நாளில் அச்சாயிற்று என்பதற்கு, நிறுவனம் அழிந்து கணக்குகள் தொலைந்த பின்னர் அதுவே சாட்சி. போலி செய்பவன் வாங்குவோரை மட்டும் ஏமாற்றவில்லை. பாடகரின் பெயரையே அழித்துவிடுகிறான். வில்சன் 'ஃபாஸ்டர்' ஆனது போல எத்தனை பேர் பெயரிழந்தனரோ!

ஆதலின் சேர்ப்போருக்கு ஒரு கடமை உண்டு என்று நான் கருதுகிறேன். பிரிட்டனில் 1982இல் தொடங்கிய 'கென்ட்' போன்ற நிறுவனங்கள், முறையாக உரிமை பெற்று இப்பாடல்களை மீண்டும் வெளியிடுகின்றன. அசல் தட்டு ஒன்றை வாங்கினால், அப்பாட்டின் உரிமை பெற்ற மறுவெளியீட்டையும் வாங்குவதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அசல், பாட்டின் வரலாற்றைக் காக்கிறது. மறுவெளியீடு, அதற்கு உரியவர்க்குப் பங்கு கிடைக்க வழி செய்கிறது. வாங்கிய தட்டைப் பூட்டி வைக்காமல், வளையத்தில் உள்ள எண்களையெல்லாம் குறித்துப் பிறருக்கும் தெரிவிப்பது அடுத்த கடமை. ஒருவர் அறிந்தது ஊரறிந்ததாகிவிட்டால் போலிக்கு இடமில்லை.

முத்தின் அருமையை அறிவது நன்று. அதற்காக மூச்சடக்கி மூழ்கியவனை மறவாமல் இருப்பது அதனினும் நன்று.