யோகா பிள்ளைக்கா, பெத்தவளுக்கா?

கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு அம்மாமார் செய்யக்கூடிய மென்மையான யோகா பத்தி இன்னிக்குப் பேசப் போறேன். நான் நாகர்கோவில்ல யோகா சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளை பெத்த பெண்கள் என்கிட்ட வழக்கமா ரெண்டு கேள்வி கேப்பாங்க. "எப்ப ஆரம்பிக்கலாம்?" "பிள்ளைய யாருட்ட விட்டுட்டு வர?" ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். யார்கிட்டயும் விட வேண்டாம். பிள்ளையும் பாயிலயே இருக்கட்டும்.

'பேபி யோகா'ன்னு கேட்டா வெளிநாட்டுச் சரக்கு மாதிரி தெரியும். ஆனா நாஞ்சில் நாட்டு வீடுகள்ல ஆச்சிமார் பிள்ளையைக் குளிப்பாட்டறதை நினைச்சுப் பாருங்க. பலகையில உக்காந்து ரெண்டு காலையும் நீட்டி, அதுமேல பிள்ளையைக் கிடத்தி, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயைத் தேய்ப்பாங்க. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே மடக்கி விரிப்பாங்க. முழங்காலை வயித்தோட சேர்ப்பாங்க. இன்னிக்குக் கட்டணம் வாங்கிச் சொல்லிக் கொடுக்கிற வகுப்புகள்லயும் இந்த அசைவுகள்தான் இருக்கு.

ஃபிரெடெரிக் லெபோயேன்னு ஒரு பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர். கல்கத்தாவுல ஒரு ஏழைத் தாய் தரையில உக்காந்து, நீட்டின கால்மேல குழந்தையைக் கிடத்தித் தேய்ச்சுவிடறதைப் பார்த்தார். 1976-ல் அதையே படங்களோட புத்தகமாக்கி, அந்தத் தாயோட பேரையே தலைப்பா வெச்சார்: 'சாந்தலா'. மேல்நாட்டுல குழந்தை மசாஜ் பரவினதுல அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதுக்காக ஆச்சி செய்ததெல்லாம் அப்படியே சரின்னு நான் சொல்ல வரல. மென்மையாத் தேய்க்கிறது, பேசிக்கிட்டே செய்றது, இதெல்லாம் வெச்சுக்கலாம். காதுலயும் மூக்குலயும் எண்ணெய் விடறது, மூக்கை ஊதி எடுக்கிறது, பச்சைப்பிள்ளையோட மார்பைப் பிதுக்கறது, இதுகளைக் கட்டாயம் விட்டுடணும். கையைப் பிடிச்சுத் தூக்கறது, காலைப் பிடிச்சுத் தொங்கவிடறது, வீசி ஆட்டறது, எதுவுமே வேண்டாம். யூடியூப்ல யார் செய்து காட்டினாலும் வேண்டாம். பிள்ளைக் கழுத்துக்கு அதைத் தாங்குற பலம் இல்ல. வேகமாக் குலுக்கினா மூளையில ரத்தம் கசியலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அந்தக் குளியல் சடங்குல ஒரு ஆள் விடுபட்டுப் போச்சு. பெத்தவ. அவளுக்கு மருந்து உண்டு, பத்தியம் உண்டு, வயித்துக்கட்டு உண்டு. ஆனா ஒன்பது மாசம் இழுபட்ட அடிவயித்துத் தசையையும் இடுப்புத்தளத் தசையையும் திரும்ப வேலைக்குப் பழக்க ஒண்ணுமில்ல. துணி கட்டினா வயித்துக்கு ஒரு தாங்கல் கிடைக்கும். தசைக்குப் பலம் வர, தசைதான் வேலை செய்யணும். நாப்பது நாள் படுக்க வெச்சுட்டு, மறுநாளே துணி துவைக்கவும் குடம் தூக்கவும் எழுப்பி விடறோம். அப்புறம் தும்மினா சிறுநீர் கசியுது, குனிஞ்சா முதுகு பிடிக்குதுன்னா, "பிள்ளை பெத்தா அப்படித்தான் மக்களே"ன்னு சொல்லிடறோம். அப்படித்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

சரி, எப்ப ஆரம்பிக்கலாம்? ஆறாவது வாரப் பரிசோதனையில டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. சிசேரியன்னா இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். அதையும் டாக்டர்தான் சொல்லணும். பிள்ளை பால் குடிச்சு அரைமணி நேரமாவது ஆகியிருக்கணும். எண்ணெய்க் கையோட பிள்ளையைத் தூக்காதீங்க, வழுக்கும். ஒரு கோரப்பாய், மேல மடிச்ச துவர்த்து, அது போதும்.

முதல் பயிற்சி: மூச்சு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. பிள்ளையைக் குப்புற உங்க நெஞ்சுமேல கிடத்தி, ஒரு கையால பிடிச்சுக்கிடுங்க. மூச்சை வெளிய விடும்போது அடிவயித்தை மெதுவா உள்ள இழுங்க. சிறுநீரை அடக்கும்போது இறுக்குற தசையையும் கூடவே மேல இழுங்க. மூச்சை உள்ள எடுக்கும்போது முழுசா விட்டுடுங்க. எட்டு தடவை. குப்புறக் கிடக்கிற பிள்ளை தலையைத் தூக்கி உங்க முகத்தைப் பாக்கும். அதுவே அதுக்குக் கழுத்துப் பயிற்சி. தவழ ஆரம்பிக்காத பிள்ளை, முழிச்சிருக்கும்போது ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிஷமாவது குப்புற இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு.

ரெண்டாவது: பூனை நிலை. பிள்ளையைப் பாயில மல்லாத்தி, அதுக்கு மேல நீங்க கையும் முழங்காலும் ஊன்றி நில்லுங்க. மூச்சு விடும்போது முதுகை வளைச்சு மேல தூக்குங்க. எடுக்கும்போது சமமாக்குங்க. கீழ இருக்கிறவர் சிரிச்சா நீங்களும் சிரிங்க, தப்பில்ல.

மூணாவது பிள்ளைக்கு: பவனமுக்தாசனம். கணுக்காலைப் பிடிச்சு இழுக்காம, ரெண்டு முழங்காலையும் உள்ளங்கையில ஏந்தி, வயித்துப் பக்கம் கொண்டுவந்து விடுங்க. வாயு பிரியும். பிள்ளை காலை விறைச்சுக்கிட்டா அன்னிக்கு வேண்டாம்னு அர்த்தம். காலை நீட்டிவிடணும்னு கட்டாயப்படுத்தாதீங்க. பச்சைப்பிள்ளையோட இடுப்பு மூட்டு மடங்கித்தான் இருக்கும்.

கடைசியில சவாசனம். இங்க கவனம். பிள்ளையை நெஞ்சுமேல வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடாதீங்க. ராத்திரி முழுக்க முழிச்ச உடம்பு, தெரியாமத் தூங்கிடும். பிள்ளையைப் பக்கத்துல மல்லாத்திக் கிடத்திட்டு நீங்க படுங்க.

பயிற்சியில வயித்து நடுவுல கூம்பு மாதிரி மேடு எழும்பினா, தையல் வலிச்சா, ரத்தப்போக்கு கூடினா, நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல அழுகையும் வெறுமையும் போகலன்னா அதுக்கு யோகா மட்டும் போதாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லுங்க, இல்லாட்டி 104-க்கோ, மனநல உதவிக்கு 14416-க்கோ போன் பண்ணுங்க.

எங்க ஊர்ல பிள்ளை பெத்தவ கால்மணி நேரம் கதவைச் சாத்தினா, "உள்ள என்ன செய்யுதா?"ன்னு கேள்வி வரும். "பிள்ளைக்குப் பயிற்சி குடுக்கேன்"ன்னா வராது. பல பேர் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிக்காங்க. தொடக்கத்துக்கு அது பரவாயில்ல. ஆனா உள்ளதைச் சொல்லணும்னா, நல்ல ஆரோக்கியமா இருக்கிற பிள்ளைக்கு யோகா தேவையே இல்ல. பால், தரை, உங்க முகம், உங்க குரல், இது போதும் அதுக்கு. யோகா தேவைப்படறது உங்களுக்குத்தான். அதனால ஒருநாள் வீட்டுல உள்ளவங்ககிட்ட, "இது எனக்காக"ன்னு நேராச் சொல்லிப் பாருங்க. மாமியாரோ மைனியோ கேட்டா, அவங்களையும் பாயில உக்கார வைங்க. அவங்க இடுப்பும் பிள்ளை பெத்த இடுப்புதானே.

இந்த வாரம் மூச்சுப் பயிற்சி மட்டும் போதும், எட்டு தடவை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.