பெயருக்கு முன் ஒரு முடி



நூற்றாண்டை ஒட்டி நாங்கள் தொடங்கும் உதவி நிதிக்குப் பெயர் தேடியபோது, "ரோயல் என்று சேர்த்தால் எடுப்பாயிருக்கும் அக்கா" என்றார் ஒரு தங்கை. எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அந்தச் சொல்லின் கதை சொல்லத்தக்கது.

பிரித்தானியாவில் அதை நினைத்தபடி சூட்டிக்கொள்ள முடியாது. முடியின் அனுமதி வேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் இலண்டனில் தொடங்கிற்று. விக்டோரியா மகாராணி அப்பட்டத்தை அளித்தது 1840இல். இடையில் 16 ஆண்டுகள் பட்டமில்லாமலே வேலை நடந்தது.

எங்கள் நாட்டில் கொழும்பு அக்கடமி 1881இல் ரோயல் கல்லூரியாயிற்று. 1972இல் இலங்கை குடியரசானது. முடி போனது, பெயர் நின்றது. கொழும்பு விக்டோரியா நினைவுக் கண் மருத்துவமனையின் பெயரோ வேறு வகை. அது பட்டமன்று, 1901இல் மறைந்த இராணியின் நினைவு.

இன்று எமக்குப் பட்டம் தர இங்கே அரசரில்லை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் படிப்பை நிறுத்தவிருந்த தென்மராட்சிப் பிள்ளை ஒருத்தி, இந்த நிதியால் படித்து முடித்து, இதே மண்டபத்தில் வந்து பேசட்டும். அதுவே எமக்குப் பட்டம். அதற்கு ஒவ்வொரு மாதமும் காசு சேர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் கணக்கு வாசிக்கப்பட வேண்டும்.

அதுவரை 'மாணவியர் உதவி நிதி' என்ற பெயரே போதும், சகோதரிகளே.