உடன்பிறந்த கப்பல்



கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறுப்புகளை வாங்கி, அவற்றை ஒட்டி மாதிரிக் கப்பல் செய்வதைப் பிள்ளை விளையாட்டென்று ஒதுக்கிவிடுவார் பலர். விளையாட்டுத்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும், பெட்டிக்குள் ஒரு கப்பலின் உறுப்புகள் இருக்க, அவற்றைக் கொண்டே பெட்டியில் இல்லாத வேறொரு கப்பலைச் செய்ய முற்படும்போது அது விளையாட்டு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. அந்த வேலையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கடற்படையினர் ஒரே வரைபடத்தைக் கொண்டு பல கப்பல்களைக் கட்டுவது வழக்கம். அவ்வாறு கட்டப்பட்டவற்றை உடன்பிறந்த கப்பல்கள் என்பர். பொம்மைக் கம்பெனிகளோ அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றுக்கு மட்டுமே அச்சு வார்க்கும். ஏனையவற்றை விரும்புவோர் தம் கையால்தான் ஆக்கிக்கொள்ள வேண்டும். 1930-களில் பிரிட்டிஷ் கடற்படைக்கு லியாண்டர், நெப்டியூன், ஓரியன், அக்கிலீஸ், அஜாக்ஸ் என்று ஐந்து உடன்பிறப்புகள் பிறந்தன. எல்லாம் கிரேக்க, உரோமப் பழங்கதைகளில் வரும் ஆண்பெயர்கள். ஆனால் ஆங்கில மாலுமிகள் வழக்கில் ஐந்தும் பெண்கள்! இவற்றுள் அஜாக்ஸுக்கு ஏர்பிக்ஸ் கம்பெனியார் 600-இல் ஒரு பங்கு அளவில் அச்சு வார்த்தனர். அக்கிலீஸ்தான் 1948-இல் நம் நாட்டுக்கு விற்கப்பட்டு, 'டெல்லி' என்ற பெயருடன் நம் கடற்படையில் சேர்ந்தது. ஆகவே அஜாக்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டு நம் டெல்லியைச் செய்யலாம் அன்றோ?

இதைக் கேள்வியுற்ற ஒரு மாணவன், ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் வந்து போகும் பிள்ளைகளில் ஒருவன், "ஐயா, இரண்டும் ஒரே வரைபடம் என்றால் வேலை என்ன இருக்கிறது? பெயரை மாற்றி எழுதி, நம் கொடியை ஒட்டினால் முடிந்ததே!" என்றான். பெரும்பாலோர் செய்வதும் இதுவே. நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எந்த ஆண்டின் டெல்லியைச் செய்யப்போகிறாய்?"

கப்பல் என்பது நாணயம் போல அச்சில் வார்த்து அப்படியே இருப்பதன்று. அதற்கும் ஆயுள் உண்டு. அந்த ஆயுளில் அது அடிபடுகிறது, மருத்துவம் பெறுகிறது, உரு மாறுகிறது. அக்கிலீஸ் 1932-இல் பர்க்கன்ஹெட் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. அஜாக்ஸ் இளையவள், 1934-இல் பாரோ துறைமுகத்தில் இறக்கப்பட்டாள். 1939 டிசம்பர் 13-ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு அப்பால், இவ்விரண்டும் எக்ஸிடர் என்ற மற்றொரு கப்பலுடன் சேர்ந்து, தம்மினும் மிகப் பெரிய பீரங்கிகளைக் கொண்ட கிராப் ஸ்பீ என்ற ஜெர்மானியக் கப்பலை எதிர்த்தன. அடிபட்ட கிராப் ஸ்பீ மாண்டிவிடியோ துறைமுகத்தில் ஒதுங்கியது. நான்கு நாள் கழித்து அதன் தலைவரே அதை வெடிவைத்து மூழ்கடித்தார்.

அந்த நாளைய உருவத்தில் பார்த்தால் இரண்டு கப்பல்களுக்கும் உள்ள வேற்றுமை சிறிதே. இரண்டிலும் ஒரே புகைபோக்கி; முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு பீரங்கிக் கூண்டுகள்; கூண்டுக்கு இரண்டாக எட்டு 6 அங்குலப் பீரங்கிகள். விமானங்களைச் சுடும் 4 அங்குலப் பீரங்கிகள் அஜாக்ஸில் இரட்டை இரட்டையாகவும் அக்கிலீஸில் ஒற்றை ஒற்றையாகவும் இருந்தன. 1939-ஆம் ஆண்டின் அக்கிலீஸைச் செய்ய விரும்புவோருக்கு இதுவே முக்கிய வேலை.

நமக்கோ வேலை பெரிது. 1943 ஜனவரி 5-ஆம் நாள், பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுக்கு அருகே, ஜப்பானிய விமானம் ஒன்று எறிந்த குண்டு அக்கிலீஸின் மூன்றாவது கூண்டின்மேல் விழுந்தது. பதின்மூன்று பேர் மாண்டனர். கப்பல் செப்பனிடப்பெற இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குச் சென்றது. அங்கும் விதி விடவில்லை. அவ்வாண்டு ஜூன் 22-இல் கப்பலுக்குள் நேர்ந்த வெடிவிபத்தில் துறைமுகத் தொழிலாளர் 14 பேர் இறந்தனர். 1944-இல் வெளிவந்தபோது அக்கப்பல் வேறு கப்பல். சிதைந்த கூண்டுக்கு மாற்றுக் கூண்டு வைக்கவில்லை; விமானங்களைச் சுடும் சிறு பீரங்கிகளைப் பெருக்கினர். விமானத்தை உந்தி எறியும் பொறி போயிற்று. ஒற்றைக் கொடிமரங்கள் நின்ற இடத்தில் முக்காலிபோல் மூன்று கால் கொண்ட மரங்கள் எழுந்தன. அவற்றின் உச்சியில் ரேடார். நாம் வாங்கிய கப்பல் இதுவே. நம் டெல்லிக்கு ஒருநாளும் எட்டுப் பீரங்கிகள் இருந்ததில்லை, ஆறுதான்.

இதைச் சொன்னதும் மாணவன் முகம் வாடிற்று. "நான்கு கூண்டு இருந்தால்தான் ஐயா கம்பீரம்! பின்பக்கம் மொட்டையாகத் தெரியுமே" என்றான். உண்மை, கண்ணுக்கு நான்குதான் நிறைவு. ஆனால் அந்த வெற்றிடம் சிற்பி விட்ட குறையன்று. பதின்மூன்று பேர் உயிர் விட்ட இடம் அது. அழகுக்காக அங்கே ஒரு கூண்டை ஒட்டிவிட்டு, அடியில் 'டெல்லி' என்று எழுதினால், நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதாகும். வரலாற்றுத் தேர்வில் அவ்வாறு எழுதும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். மேசைமேல் வைக்கும் கப்பலுக்கு மட்டும் ஏன் சலுகை?

கொடிக்கும் இதே சங்கடம் உண்டு. டெல்லி நம் கடற்படையில் சேர்ந்த நாள் 1948 ஜூலை 5. நாடு விடுதலை பெற்றுவிட்டதாயினும், அன்று அதன் பின்புறம் பறந்த கடற்படைக் கொடியின் மூலையில் பிரிட்டிஷ் சின்னமே இருந்தது. 1950 ஜனவரி 26-க்குப் பிறகே அம்மூலையில் நம் மூவர்ணம் ஏறியது. செஞ்சிலுவைக் கோடுகள் அப்போதும் நீங்கவில்லை. ஆகவே மூவர்ணம் வேண்டுமென்றால் 1950-க்குப் பிந்திய நாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் 1950 ஜூன் மாதத்தை எடுத்துக்கொண்டோம். அப்போதுதான் பண்டித நேரு இக்கப்பலில் ஏறி இந்தோனேசியா சென்றார்.

இனி கைவேலைக்கு வருவோம். 554 அடி நீளக் கப்பல் இந்த அளவில் 11 அங்குலம் வரும். மாதிரியில் ஓர் அங்குலம் கடலில் 50 அடி. பீரங்கிக் குழல் அரை அங்குலம். ஆள் ஒருவன் எள்ளளவு! பெட்டியைத் திறந்தவுடன் பசையைத் தொடுதல் கூடாது. இது நாம் தாளுக்குப் பயன்படுத்தும் பசை போன்றதன்று; பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி, இரண்டு துண்டுகளையும் ஒன்றாகவே ஆக்கிவிடும். ஒட்டிய பின் பிரிப்பது அரிது. எனவே அறுப்பதும் அராவுவதும் முன்னரே முடிய வேண்டும். மூன்றாவது கூண்டு அமரும் வட்ட மேடையைச் சிறு அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, துளையைத் தட்டையான பிளாஸ்டிக் துண்டால் அடைத்து, மீண்டும் தேய்க்க வேண்டும்.

அளவுகளுக்கு நிழற்படமே துணை. கப்பலைப் பக்கவாட்டில் நேராக எடுத்த படமாக இருத்தல் வேண்டும்; சாய்வாக எடுத்த படம் நீளத்தைச் சுருக்கிக் காட்டும். படத்தில் கப்பல் 5½ அங்குலமாயின் நம் மாதிரி அதில் இருமடங்கு. எனவே படத்தில் கால் அங்குலமாகத் தெரியும் உறுப்பு நமக்கு அரை அங்குலம். ஆறாம் வகுப்பில் நாம் கற்ற விகிதக் கணக்கு இதற்குப் போதும். ஆனால் படம் எடுத்த ஆண்டைப் பார்க்காமல் அளவெடுத்தால் கணக்குச் சரியாகவும் கப்பல் தவறாகவும் முடியும்.

முக்காலி மரங்களே எனக்கு மிகவும் பிடித்த வேலை. உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை எல்லோரும் குப்பையில் எறிவர். அதில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடரில் படாமல் சற்று மேலே பிடித்து, உருட்டிக்கொண்டே இளகவிட்டு, சுடரைவிட்டு எடுத்து இரு கையாலும் மெல்ல இழுத்தால், சேமியா போல நீளும். மெதுவாக இழுத்தால் பருமன். விரைந்து இழுத்தால் மயிரிழை. பருமனானது மரத்துக்குக் கால். மெல்லியது கயிறும் கம்பியும். சிறு பிள்ளைகள் இதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

இவ்வளவு பாடுபட இக்கப்பலுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பிளேட் ஆற்றுப் போரில் அக்கிலீஸுக்குத் தலைவராயிருந்து காலில் காயமுற்ற பாரி என்பவரே, 1948-இல் நம் கடற்படைக்குத் தலைமைத் தளபதியாக வந்தார். தம் பழைய கப்பலை இங்கே புதிய பெயரில் கண்டார். டெல்லியின் முதற் குழுவில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தவர் ராம்தாஸ் கட்டாரி, நம் செங்கல்பட்டில் பிறந்தவர். 1958-இல் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1956-இல் வெளிவந்த பிளேட் ஆற்றுப் போர் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்தில் டெல்லி தன் இளமைப் பருவமாகிய அக்கிலீஸாகத் தானே நடித்தது. 1961-இல் தியூவின்மேல் குண்டு பொழிந்தது. அஜாக்ஸோ 1949-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

டெல்லி 1978 ஜூன் 30-இல் ஓய்வு பெற்று, பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் பீரங்கிக் கூண்டு ஒன்றை மட்டும் நம் நாடு நியூசிலாந்துக்குப் பரிசாக அனுப்பிற்று. ஆக்லாந்து நகரின் கடற்படைத் தளத்து வாயிலில் அது நிற்கிறது. எங்கள் பெட்டியிலும் ஒரு கூண்டு மிஞ்சியது. அதை என்ன செய்வதென்று கேட்ட மாணவன், தானே ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதனுள் இட்டு, மேலே '1943 ஜனவரி 5' என்று எழுதிக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.