அளவைச் சொல்லி வைப்போம்
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



தொழிலில் கற்ற ஒரு பாடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். இணையத்தில் சான்றிதழை ஏற்றும்போது, எவ்வளவு பெரிய ஃபைல் வரை ஏற்கும் என்பதைத் தெளிவாகச் சொல்வது. 'இதுல என்னப்பா இருக்கு?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஒரு மென்பொருள் எழுதினேன். நிர்வாகப் பக்கத்தில் 'ஃபைல் அளவு' என்று ஒரு கட்டம் வைத்தேன். அலுவலர் அதில் 5 என்று போட்டார். ஐந்து எம்.பி. (எம்.பி. என்றதும் டெல்லியை நினைக்காதீர்கள், மெகாபைட்!) கட்டமும் 'சரி' என்றது. ஆனால் சர்வரில் பி.எச்.பி.யோடு வரும் அளவுகள் அப்படியே இருந்தன: ஒரு ஃபைலுக்கு 2 எம்.பி., மொத்தப் படிவத்துக்கு 8 எம்.பி. என் கட்டம் அதைக் கேட்கவே இல்லை.

கடைசி நாள் இரவு ஒரு மாணவியின் தந்தை போன் செய்தார். "சார், பிள்ளை மூணு மணி நேரமா நெட் சென்டர்ல உக்காந்திருக்கு. நாலு சர்டிபிகேட்டையும் போட்டு அனுப்பினா, 'பெயரைப் பூர்த்தி செய்யவும்'னு வருது. பேரு எழுதித்தானே சார் அனுப்பினோம்?"

எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். செல்போனில் எடுத்த நான்கு படங்களும் சேர்ந்து 12 எம்.பி. மொத்தம் 8-ஐத் தாண்டினால் பி.எச்.பி. ஃபைலை மட்டுமல்ல, பெயர், முகவரி எல்லாவற்றையுமே கைவிட்டுவிடும். என் புரோகிராமுக்கு வெற்றுப் படிவம்தான் வந்து சேர்ந்தது. நான் காரணத்தைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தேன், பலனில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் இழந்த அந்த ஓராண்டுக்கு அவள் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கினார். தவறு என்னுடையது, வட்டி அவருடையது.

பிறகு மூன்று காரியம் செய்தேன். முதலாவது, அலுவலர் எந்த எண்ணைப் போட்டாலும், சர்வரின் அளவோடு ஒப்பிட்டு, 'சர்வர் 2 எம்.பி. வரைதான் ஏற்கும்' என்று அங்கேயே சொல்ல வைத்தேன். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் அதன் வழக்கமான அளவு வெறும் 1 எம்.பி. அது பி.எச்.பி.யின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நிஜமாகவே ஒரு பெரிய ஃபைலை அனுப்பிச் சோதிக்கிறேன்.

இரண்டாவது, அலகு. பி.எச்.பி. அமைப்பில் 'எம்' எழுத்தை விட்டுவிட்டு 5 என்று மட்டும் எழுதினால், அது ஐந்து பைட்! யூ.டி.எஃப்-8 முறையில் 'அம்மா' என்று எழுதவே 15 பைட் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். ரயில்வே பாலத்துக்குச் சற்று முன்பே குறுக்குக் கம்பி கட்டி உயரத்தை எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். லாரி பாலத்தில் இடித்த பிறகு சொல்லி என்ன பயன்? அதுபோல, ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அளவை எழுதினேன். மீறினால், அனுப்பும் முன்பே 'உங்கள் படம் 6.3 எம்.பி., 5-க்குள் இருக்க வேண்டும்' என்று திரை சொல்லும்.

இதே கல்லூரி ஆய்வகத்தில், ரீடிங் எழுதி யூனிட் போடாமல் விட்டால் ரெக்கார்டு நோட்டு திரும்பி வரும். 'ஒரு யூனிட்டுக்கா இவ்வளவு?' என்று அன்று முணுமுணுத்தேன். அந்த ஆசிரியர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். ஐயா, இப்போது புரிகிறது.