கணிப்பொறியில் அச்சுக் கோத்தல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷன் அளவே பயின்ற ரயில்வே குமாஸ்தா ஒருவன் கணிப்பொறியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், தமிழ் எழுத்தைத் தாளில் பிழையின்றி நிறுத்துவது நம் வீட்டுக் காரியம் அன்றோ? அத்துணிவினாலேயே பேச வந்தேன்.

இந்நகரில் அச்சகங்கள் பல உள; தமிழ் அறிந்த அச்சகம் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகட்கு முன் வந்த நம் மலரில் கொம்புகள் இடம் மாறின, புள்ளிகள் மறைந்தன. நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் நினைவுக் குறிப்பில் அவர் பெயரே உருத்தெரியாமற் போயிற்று. அவர் மனைவியார் அப்பக்கத்தை விரித்துக் காட்டினார், ஒன்றும் கூறவில்லை. இக்குறையைப் போக்க நம் கையிலேயே வழி உண்டு என்பதைச் சொல்லவே வந்துள்ளேன்.

அவ்வழியின் பெயர் டெக். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத் என்பார், 1977ஆம் ஆண்டில் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்குரிய அச்சுப்படிகளைக் கண்டார். பழைய ஈய எழுத்தின் அழகு அவற்றில் இல்லை. மனம் நொந்த அவர், அச்சுக் கோக்கும் மென்பொருளைத் தாமே இயற்ற முனைந்தார். விரைவில் முடியும் என்று எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. முடிந்தபின் அதனை உலகுக்கு விலையின்றி வழங்கினார். பின்னர் லெஸ்லி லாம்போர்ட் என்பார், யாவர்க்கும் எளிதாகும்படி அதன்மேல் லாடெக் என்னும் கட்டளைத் தொகுதியை அமைத்தார். 2004இல் ஜானதன் கியூ என்பார் ஆக்கிய ஸீடெக், யூனிகோடு எழுத்துகளை நேரே ஏற்கிறது. நமக்கு வேண்டுவது இதுவே.

இதில் வேலை நடக்கும் முறை வேறு. பக்கத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து இழுத்து வைப்பதில்லை. கட்டுரையைச் சாதாரணக் கோப்பாகத் தட்டச்சு செய்கிறோம். ‘இது தலைப்பு’, ‘இது புதுப்பகுதி’ என்று, பின்சாய்கோட்டில் தொடங்கும் சிறு கட்டளைகளால் இடையிடையே குறிக்கிறோம். பிறகு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஸீலாடெக் என்னும் பெயரையும், ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரையும் தட்டி, எண்டர் விசையை அழுத்துகிறோம். சில நொடிகளில் அச்சுக்குரிய பி.டி.எப். கோப்பு ஆயத்தமாகிவிடும். பொருளடக்கம் வேண்டின் அக்கட்டளையை இருமுறை இடவேண்டும். முதன்முறை பக்க எண்களைக் குறித்துக்கொள்கிறது. மறுமுறை அவற்றை எடுத்துப் பொருளடக்கத்தில் பதிக்கிறது.

பிழை நேர்ந்தால் அஞ்ச வேண்டா. கட்டளையின் பெயரைத் தவறாகத் தட்டியிருந்தால் வேலை நின்று, எந்த வரியில் பிழை என்று எண்ணுடன் காட்டி, ஒரு கேள்விக்குறியுடன் காத்திருக்கும். எக்ஸ் எழுத்தைத் தட்டி வெளியேறி, அவ்வரியைத் திருத்தி, மீண்டும் ஓட்டலாம். நடந்தவை யாவும் தனிக் குறிப்புக் கோப்பில் பதிவாகியிருக்கும். ஸ்டேஷன் டைரி எழுதிப் பழகிய நம்மவர்க்கு இது புதிதன்று.

வரிகளை ஒவ்வொன்றாக முடித்துச் செல்லாமல், பத்தி முழுவதையும் நோக்கி, எங்கே முறித்தால் இடைவெளிகள் சீராக அமையும் என்று கணக்கிடுவதே டெக்கின் தனிச்சிறப்பு. ஆயினும் புணர்ச்சியால் நீளும் நம் சொற்கள் சில வேளை ஓரத்தைத் தாண்டி நிற்கும். எத்தனை பாயிண்டு தாண்டியது என்பதையும் அதுவே எச்சரிக்கும். தமிழ்ச் சொற்களை முறிப்பதற்குரிய விதிகளும் அதனுடன் கிடைக்கின்றன. ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும் அல்லவா? நல்ல யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தால் அவ்விரண்டும் உரிய இடத்தில் தாமே அமையும்.

இன்னொரு பெரும் பயனும் உண்டு. நம் பழைய மலர்க் கட்டுரைகள் பல, யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். யூனிகோடில் அமைந்த எளிய கோப்போ, எந்தக் கணிப்பொறியிலும் திறக்கும். நம் பேரப்பிள்ளைகளும் படிப்பர்.

குறையையும் மறைத்தல் ஆகாது. படங்கள் நிறைந்த அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் வேறு மென்பொருள்களே எளியவை. முதற் சில வாரங்கள் பொறுமையும் வேண்டும். ஆனால் ஒருமுறை அமைத்த மாதிரிக் கோப்பு ஆண்டுதோறும் உதவும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மலரை நாமே கோப்போம். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தயங்கும் நம் பிள்ளைகள் கணிப்பொறியில் வல்லவர்கள். அவர்கள் கட்டளை இடட்டும். தமிழறிந்த தாய்மார்களும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் அருகிலிருந்து மெய்ப்புப் பார்க்கட்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் பிள்ளைக்குச் சில சொற்களாவது கைவந்திருக்கும். அச்சகத்தார்க்கு நாம் கொடுப்பது முடிந்த பக்கமாக இருக்கும். எழுத்துருவும் அதனுள்ளேயே பொதிந்திருப்பதால், அவர்க்குத் தமிழ் தெரியாமையால் கேடில்லை. நம் மூத்தோர் பெயர்கள் அவர்கள் எழுதியவாறே நிற்கும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!