படியாள் கடனும் திருப்பித் தருதலும்



காரணையிலிருந்து தொடங்குகிறோம். 1994 அக்டோபரில் அந்த ஊர்ப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பஞ்சமி நிலம் பறிபோன கதையை எந்தச் சேரியில் கேட்டாலும் நடுவில் ஒரு கடன் வரும்: கல்யாணக் கடன், சாவுக் கடன், ஆஸ்பத்திரிக் கடன்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதில் படியாள் வருகிறார். கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்காக ஆண்டையிடம் உழைப்பார். உழைப்பே வட்டி, முதல் அப்படியே நிற்கும். அப்பனுக்குப் பிறகு மகன் அந்த முதலுக்கு ஆள்.

இதற்கு அறநூல் என்ன சொன்னது? மனு, வட்டியை வருணப்படி ஏற்றினார். மாதத்துக்குப் பிராமணனுக்கு நூற்றுக்கு 2, சூத்திரனுக்கு 5. இல்லாதவனுக்குத்தான் கூடுதல்! நாமோ அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதே கேள்வியை இடைக்கால ஐரோப்பாவில் வேறுவிதமாகக் கேட்டார்கள். 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், ஊரறிந்த வட்டிக்காரனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்றது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் திராட்சை ரசத்தை உதாரணம் காட்டினார். ரசத்தைக் குடித்தால்தான் பயன். ரசத்துக்கு ஒரு விலை, குடிப்பதற்கு இன்னொரு விலை கேட்டால் அது ஒரே பொருளை இருமுறை விற்பது. பணமும் அப்படித்தான் என்றார். அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று பழைய ஏற்பாடு சொல்கிறதே என்பதற்கும் பதில் வைத்திருந்தார்: எல்லா மனிதரும் அயலாரும் சகோதரருமே. திருச்சபை இதன்படி நடந்ததா என்று கேட்காதீர்கள். போப்பாண்டவரின் பணத்தைக் கையாண்டதே இத்தாலிய லேவாதேவிக்காரர்கள்தான்!

ஆனால் அந்தச் சிந்தனையில் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது. வட்டி வாங்கியவன் வருந்தினால் மட்டும் போதாது. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகே பாவமன்னிப்பு.

நமக்கு இங்கே இரக்கம் நிறையக் கிடைத்திருக்கிறது. 1976 சட்டம் கொத்தடிமைக் கடனை ரத்து செய்தது. பிடித்துக்கொண்ட உழைப்பை யார் திருப்பித் தந்தார்கள்? 1892 அரசாணைப்படி கொடுத்த நிலத்தைத் தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கடனுக்காக எழுதி வாங்கியவர், "காசு கொடுத்தேனே" என்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் அந்தக் காசுக்கும் இன்றைய விலைக்கும் ஏதாவது உறவு இருக்கிறதா?

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் அவரவர் ஊர் பழைய ‘அ’ பதிவேட்டு நகலுக்கு மனுப் போடுங்கள். பஞ்சமி என்று குறித்த சர்வே எண்களை முதலில் எழுதி எடுப்போம்.